ஊற்றுக்கு மேலே ஒரு கூடாரம்

பினாங்கு மலைக்கு ரயில் விட்டதிலிருந்து எங்கள் ஊரில் ஒரு புதுக் கூட்டம் கிளம்பியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பெட்டிக்குள் ஏறி உட்கார்ந்து, கால் விரலைக்கூட அசைக்காமல் உச்சிக்குப் போய், ஒரு கோப்பைத் தேநீர் குடித்து, குளிர்கிறது என்று சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, பொழுது சாய்வதற்குள் இறங்கி வந்துவிடுவார்கள். வந்தபின் ஒரு வாரத்துக்கு அந்தக் காற்றின் பெருமையையும் தண்ணீரின் சுத்தத்தையும் நாம் கேட்டாக வேண்டும். என் பக்கத்து வீட்டுக்காரர் அந்தக் கூட்டத்தின் தலைவர் மாதிரி. போன வாரம் மலை ஊற்றுத் தண்ணீரை ஒரு புட்டியில் பிடித்து வந்து பிரசாதம் போல என்னிடம் நீட்டினார். நான் அதை வாங்கி, கொதிக்க வைக்கச் சொல்லி உள்ளே அனுப்பினேன். அவருக்கு முகம் சுண்டிவிட்டது.

"ஊத்துத் தண்ணிய யாராச்சும் காய்ச்சுவாங்களா சார்? மேல இருந்து நேரா வருது லா."

மேலே இருந்து வருகிறது என்பதுதான் என் ஆட்சேபமே. மேலே யார் இருக்கிறார்கள் என்று தெரியாமல் நான் எந்த மலைத் தண்ணீரையும் குடிப்பதில்லை. காரணத்தை அவரிடம் சொல்லவில்லை; அவர் அப்போதுதான் சாப்பிட்டுவிட்டு வந்திருந்தார். இதைப் படிப்பவர்களும் சாப்பிட்ட கையோடு படிக்க வேண்டாம்.

ஜெர்மன் சண்டை தொடங்குவதற்குச் சில வருடங்களுக்கு முன் நடந்தது இது. நான் அப்போது கடற்கரையோரம் ஒரு சர்க்கார் ஆபீஸில் கிராணி, அதாவது குமாஸ்தா. எந்தக் காகிதம் எந்த மேசைக்கு எந்தக் கையெழுத்தோடு போக வேண்டும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அந்தத் திறமைக்குத் தண்டனையாகத்தான் என்னை மலைக்கு அனுப்பினார்கள். எங்கள் துரைக்கு ஒரு யோசனை உதித்திருந்தது. காய்ச்சலில் வாடும் வெள்ளைக்காரர்கள் உடம்பு தேறுவதற்குப் பினாங்கு மலை போதவில்லை; அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் உயரமான மலை ஒன்று பேராக்கின் உள்காட்டில் சும்மா கிடக்கிறது; அங்கே பங்களாக்கள் கட்டலாம். அதற்கு முதலில் மலையின் தோளில் ஒரு முகாம் போட வேண்டும். குளிரையும் மழையையும் அளக்க வேண்டும். அங்கிருந்து உச்சிக்குப் பாதை வெட்டி, உச்சியில் கொடி நட்டு, துரை அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ள வேண்டும். அடுத்த மாதம் சீமைக்குப் போக அவருக்குக் கப்பலில் இடம் பதிவாகியிருந்தது. படத்தோடு போனால் மதிப்பு.

ஆள் பட்டியலை நான்தான் தயாரித்தேன். கிராணி ஒருவர், சமையல்காரர் ஒருவர், கங்காணி ஒருவர், சுமை தூக்கக் கூலிகள், தோட்டி ஒருவர். தோட்டி என்ற வரியைத் துரை சிவப்பு மையால் அடித்துவிட்டார். "காட்டில் ஏது கக்கூஸ்? தோட்டி எதற்கு?" என்று ஓரத்தில் எழுதியிருந்தார். நகரத்தில் எத்தனை வீட்டுக்கு எத்தனை வாளி, எத்தனை மணிக்குள் தெருவைத் தாண்ட வேண்டும் என்றெல்லாம் சட்டம் போட்டவர்களில் அவரும் ஒருவர். மலைக்குப் போனால் மனிதனுக்கு அந்தத் தேவையே நின்றுவிடும் என்று நினைத்தார் போலும்.

ஆனால் அவருக்கு மட்டும் தேவை நிற்காது என்பதை அவரே அறிந்திருந்தார். அவருடைய சொந்தச் சாமான்களில் தேக்கு மரத்தில் செய்த ஒரு பெட்டி இருந்தது. பளபளவென்று மெருகு, இரண்டு பக்கமும் பித்தளைப் பிடி, கனமான மூடி. தாசேக் கெலுகோர் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து கூலிகளைக் கூட்டி வந்திருந்த கங்காணி, பிறை ஸ்டேஷனில் அந்தப் பெட்டியைப் பார்த்ததும் அது துரையின் பணப்பெட்டி என்று முடிவுகட்டிவிட்டார். கண்ட ஆளிடம் கொடுக்கலாமா? தன் மச்சானையே கூப்பிட்டார்.

"டேய் மச்சான், இத நீ மட்டுந்தான் தூக்கணும். எவன் கேட்டாலும் குடுக்காத."

"நம்பி குடுத்திருக்காக, உசிர குடுத்தாவது கொண்டு போவேன் மாமா" என்றான் மச்சான். தலையில் சும்மாடு கட்டி, அதன்மேல் பெட்டியை ஏற்றி, கரகம் எடுப்பவனைப் போல நிமிர்ந்து நடந்தான். உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அவன் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அப்படி ஒரு பெருமையைக் கெடுக்க மனம் வரவில்லை.

ரயிலை விட்டு இறங்கியபின் நடைதான். மலையேற்றத்தைப் பற்றி அழகாக எழுதுகிறவர்கள் அட்டையைப் பற்றி எழுதுவதில்லை. இலை நுனியில் நின்று தலையை ஆட்டிக்கொண்டு காத்திருக்கும். காலுறைக்குள் போகும், விரலிடுக்கில் போகும், சொல்லக்கூடாத இடத்துக்கும் போகும். மாலையில் பூட்ஸைக் கழற்றினால் உள்ளே ரத்தம் சொதசொதவென்று இருக்கும், அதில் ஊறிய கொழுத்த அட்டைகள் திராட்சைப் பழம் போல உருண்டு விழும். சுமையில் இருந்த கருவாட்டில் புழு வைத்தது. டின் வெண்ணெய் உருகி அரிசி மூட்டையில் இறங்கியது. கம்பளிகள் நனைந்து, ஈர நாயின் வாடை அடித்தன. ராத்திரி அதைத்தான் போர்த்திக்கொள்ள வேண்டும்.

வழி நெடுகப் பேசிக்கொண்டே வந்தவர் சமையல்காரர் ஒருவர்தான். ஜார்ஜ் டவுனில் பிறந்து வளர்ந்த தமிழ் முஸ்லிம். நாங்கள் எல்லோரும் அவரை நானா என்று கூப்பிட்டோம். மீன்குழம்புக்குப் பேர்போன கை. இந்தப் பயணம் முடிந்ததும் சூலியா தெருப் பக்கம் சொந்தமாகச் சோற்றுக்கடை போடப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கடைக்கு இடம் பார்த்தாயிற்று, வீட்டில் மனைவி மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருக்கிறாள் என்றார். அட்டை கடித்த இடத்தில் சுண்ணாம்பு தடவிக்கொண்டே, "கிராணியாரே, நம்ம கடையில ஒங்களுக்குத் தனி மேசை லா. ஆனா கடன் கிடையாது" என்பார்.

மலையின் தோளுக்குப் போய்ச் சேர்ந்தோம். அங்கே மரங்கள் குட்டையாக, முறுக்கிக்கொண்டு, அடி முதல் நுனி வரை பாசி போர்த்தி நின்றன. எங்கே கைவைத்தாலும் பாசியிலிருந்து தண்ணீர் ஒழுகியது. மேகம் கூடாரத்துக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். தீக்குச்சி பற்றாது. சோறு வேகாது, விறகு சரியில்லை என்று நானா திட்டுவார், உயரம் அப்படி என்று நான் விளக்குவேன், அவர் மறுபடி விறகையே திட்டுவார்.

முகாமுக்கு ஒரே ஒரு ஓடைதான். மேட்டில் ஒரு பாறைக்கு அடியிலிருந்து ஊற்றாகக் கிளம்பிக் கீழே ஓடியது. முகாம் ஒழுங்கு என்று ஒன்று இருக்கிறது. அதன்படி நான் ஓடைக்கரையில் முளை அடித்தேன். மேலே வெள்ளைத் துணி கட்டிய முளை, குடிக்க. அதற்குக் கீழே சிவப்பு, குளிக்க. கடைசியில் கறுப்பு, பாத்திரமும் துணியும் கழுவ. கழிப்பிடக் குழி இதற்கெல்லாம் கீழே, ஓடையை விட்டுத் தள்ளி. இதைவிடச் சரியாக எந்த ராணுவ முகாமிலும் செய்திருக்க மாட்டார்கள்.

மறுநாள் காலையில் கங்காணி வந்தார்.

"ஐயா, நானா கோழி கழுவின தண்ணி எங்க பக்கமா வருதுங்க. எங்க ஆளுக அத எப்பிடிங்க குடிக்கும்?"

"அவர் கறுப்பு முளையில் கழுவுகிறார். நீங்கள் அதற்கு மேலே வெள்ளை முளையில் எடுக்கிறீர்கள். தண்ணீர் மேலே ஏறி வருமா?"

"அது ஐயாவுக்குத் தெரியுது. ஆளுக மனசுக்குத் தெரியணுமில்ல?"

அன்றே கூலிகள் வெள்ளை முளையைத் தாண்டி மேலே போய்த் தண்ணீர் எடுத்தார்கள். எடுத்த இடத்திலேயே குளித்தார்கள். குளித்த இடத்துக்குப் பின்புறமே மற்ற காரியமும் நடந்தது. காரியம் முடிந்தால் தண்ணீர் வேண்டும், நான் வெட்டிய குழியில் தண்ணீர் இல்லை. அதை முகாம் ஒழுங்கு எழுதிய வெள்ளைக்காரர் யோசித்திருக்கவில்லை. அவருக்குக் காகிதம் போதும். நானா இதைப் பார்த்தார். இவர்கள் குளித்த அழுக்கில் அவர் உலை வைப்பாரா? இன்னும் மேலே போனார். அவர் மேலே போனதால் கங்காணிக்கு ரோசம் வந்து அவரும் மேலே போனார். இப்படி ஒருவர் தலைக்கு மேல் ஒருவராக, முகாம் முழுவதும் அந்த ஓடையில் படி ஏறியது. என் முளைகள் கீழே, யாருமில்லாத இடத்தில், துணி கட்டிக்கொண்டு நின்றன. கடைசியில் நானாதான் ஜெயித்தார். ஊற்றுக் கிளம்பும் பாறைக்கே போய்விட்டார். அதற்கு மேல் போக ஓடை இல்லை. கூலிகள் குளிருக்கு அஞ்சிக் கஞ்சித் தண்ணீரோடு நிறுத்திக்கொண்டார்கள். நானா மட்டும் தினமும் விடிந்ததும் ஊற்றில் வாய் வைத்துப் பச்சையாகக் குடிப்பார்.

"மருந்து கிராணியாரே, மருந்து. பினாங்கு பூராவும் காசு குடுத்தாலும் இந்தத் தண்ணி கிடைக்குமா?"

"காய்ச்சிக் குடியுங்கள் நானா."

"தொரைக்குத்தான் காய்ச்சணும். அவருக்கு வெள்ளக்கார வயிறு. நமக்கென்ன?"

இனி அந்தத் தேக்குப் பெட்டிக்கு வருகிறேன். துரையின் கூடாரம் காட்சிக்காக மேட்டின் உச்சியில், அந்தப் பாறைக்கு நேர் மேலே அடிக்கப்பட்டிருந்தது. முதல் நாள் அவர் மூடியைத் திறந்து பெட்டியைக் கூடாரத்தின் பின்னால் வைத்தபோதுதான் கூலிகளுக்கு அது இன்னதென்று தெரிந்தது. வட்டமாக ஓட்டை, அடியில் பீங்கான் பாத்திரம். கூலிகள் சிரித்த சிரிப்பில் மேகமே கலைந்தது. மச்சான் அன்று சாப்பிடவில்லை; தலையை மட்டும் மூன்று தரம் தேய்த்துத் தேய்த்துக் குளித்தான்.

பீங்கானை யார் கொட்டுவது? தோட்டியைத்தான் சிவப்பு மையில் கொன்றாயிற்றே. துரை கங்காணிக்கு உத்தரவிட்டார். கங்காணி கூலிகளைப் பார்த்தார். கூலிகள் மரத்தைப் பார்த்தார்கள். கடைசியில், தூக்கி வந்தவனே கொட்டட்டும் என்று எல்லோரும் சேர்ந்து மச்சான் தலையில் கட்டினார்கள். அவன் யார் கண்ணிலும் படாமல், மற்றவர் எழுவதற்கு முன்னால், மூக்கைப் பிடித்துக்கொண்டு கூடாரத்துக்குப் பின்புறச் சரிவில் கவிழ்த்துவிட்டு ஓடிவந்துவிடுவான். அந்தச் சரிவு எங்கே போய் முடிகிறது என்று குனிந்து பார்க்கும் நிலையில் அவன் இல்லை. பார்க்க வேண்டிய நான் குளிரில் கம்பளிக்குள் கிடந்தேன்.

ஒரு காலை நானா ஒரு ஈரக் காகிதத் துண்டை விரலில் ஒட்டவைத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"கிராணியாரே, ஊத்துல மெதந்துச்சு. இங்கிலீசு எழுத்து. என்னமோ புதையல் சங்கதியா இருக்கப் போவுது, பாருங்க."

பினாங்குப் பத்திரிகையின் துண்டு. சீமைக்குப் போகும் கப்பல்களின் விளம்பரம். முகாமில் பத்திரிகை வாங்கியவர் ஒருவர்தான். படித்து முடித்தபின் அதை அவர் எதற்கு உபயோகித்தார் என்பதும் எனக்குத் தெரியும். நான் காகிதத்தைப் பார்த்தேன், நானாவின் விரலைப் பார்த்தேன், ஊற்றைப் பார்த்தேன், அதற்கு மேலே கூடாரத்தைப் பார்த்தேன். பிறகு மூச்சுவிடாமல் சொல்லிவிட்டேன்.

நானா அந்த விரலைப் பாசியில் தேய்த்துத் துடைத்தார். பின்பு திரும்பி வாந்தி எடுத்தார். வாயைத் துடைத்துக்கொண்டு, "அந்தக் கூலிப் பயலுவளுக்குக் கீழ குடிக்கக் கூடாதுன்னுல்ல மேல போனேன்" என்றார். அவ்வளவுதான். ஒரு வாரமாக அவர் குடித்த தண்ணீரில்தான் எனக்கும் சோறு வெந்தது. கொதித்த தண்ணீர் என்று அன்றிலிருந்து சொல்லிக்கொள்கிறேன். வயிறு ஒப்புக்கொண்டது, மனம் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை.

அன்று மாலையே அவருக்கு வயிறு போகத் தொடங்கியது. மறுநாள் சீதமும் ரத்தமுமாகப் போயிற்று. குடித்தது எதுவும் உள்ளே நிற்கவில்லை. மூன்றாம் நாள் எழுந்து வெளியே போகவும் தெம்பில்லை. கிடந்த இடத்திலேயே எல்லாம். கண் உள்ளே போய், கன்னம் ஒட்டி, நாக்கு பலகை போல வறண்டுவிட்டது. கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாவிட்டால் செத்துப்போவார் என்பது குழந்தைக்கும் தெரியும். அவருக்கும் தெரிந்தது.

"மௌத்தாப் போனா இந்தக் காட்டுல எனக்கு யாரு தொழுவுவா? என்னைக் கீழ கொண்டு போயிருங்க கிராணியாரே."

நான் கங்காணியிடம் போனேன். "அதத் தொட்டா நாங்க எப்பிடிங்க அப்பறம் கஞ்சி குடிக்கிறது? அதும் காலராவா இருந்துட்டா?" என்றார். பின்னால் நின்ற கூலிகளின் முகத்திலும் அதே பதில்.

துரையிடம் போனேன். அவர் சவரம் செய்துகொண்டிருந்தார். அந்த வாரம் உச்சிக்குப் போக எல்லாக் கூலிகளும் தேவை, ஒருவரையும் விட முடியாது என்றார். சமையல்காரனுக்குக் கொஞ்சம் பிராந்தி கொடுத்துப் பார்க்கச் சொன்னார். அவன் முஸ்லிம் என்றேன். அப்படியானால் அவன் பாடு என்று கத்தியை மறு கன்னத்துக்குக் கொண்டுபோனார். தேநீர் ஏன் முன்போல் இல்லை என்றும் கேட்டார்.

எனக்கு அங்கே அடித்துப் பேசும் அந்தஸ்து கிடையாது. தெரிந்தது விதி ஒன்றுதான். கையைக் கட்டிக்கொண்டு, ஆபீஸில் உத்தரவு கேட்கும் அதே குரலில் கேட்டேன். "துரை, ஆள் இங்கேயே செத்தால் அது காரணம் தெரியாத சாவு. தொற்றுநோயோ என்று சந்தேகம் வரும். கடல் தாண்டிப் பினாங்குக்குள் நுழையும் முன் நம் எல்லோரையும் ஜெரஜாக் தீவில் தடுத்துவைக்கலாம். உயிரோடு ஆஸ்பத்திரிக்குப் போனால் டாக்டர் நோய்க்குப் பேர் வைத்துவிடுவார், நாம் தப்பினோம். ஜெரஜாக்கில் தங்களுக்குத் தனி அறையா, கூலிகளோடு ஒரே கொட்டகையா என்பதுமட்டும் விதியில் எனக்குத் தெளிவாக இல்லை. அதற்கு உத்தரவு வேண்டும்."

விதி உண்மையிலேயே அப்படிச் சொல்கிறதா? பாதி சொல்கிறது. மீதிப் பாதியைத் துரையின் கப்பல் டிக்கெட் சொல்லிக்கொண்டது. அவர் கத்தியைக் கீழே வைத்தார். நான்கு பேரை எடுத்துக்கொள், இன்றைக்கே போ என்றார்.

கூலிகளிடம் ஜெரஜாக் என்ற பெயர் ஒன்றே போதுமானதாக இருந்தது. கப்பலில் வந்திறங்கியபோது நோய்க்குப் பயந்து அவர்களை அடைத்துவைத்த தீவு அது. மருந்துத் தண்ணீரின் வாடையை அவர்கள் மறக்கவில்லை. சற்று முன்வரை தொட்டால் தீட்டு என்றவர்கள் ஒரு கம்பளியின் இரண்டு பக்கமும் கழி கோத்துத் தூளி கட்டிவிட்டார்கள். கங்காணியே முடிச்சைச் சரிபார்த்தார். இரக்கம் என்று ஒன்று அந்த மலையில் இருந்ததா என்று நான் தேடிப் பார்த்ததுண்டு. மச்சானிடம் கொஞ்சம் இருந்திருக்கலாம். யாரும் சொல்லாமலே அவன் முன்கழியைத் தோளில் எடுத்துக்கொண்டான்.

இறங்கிய வழியை விவரிக்க விருப்பமில்லை. சரிவில் தூளியிலிருந்து கசிந்ததெல்லாம் முன்னால் மச்சானுக்குப் பக்கத்தில் தூக்கியவன் மேல் வழிந்தது. அவன் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு எங்கள் எல்லோருடைய தாயாரையும் திட்டிக்கொண்டே வந்தான். நான் காய்ச்சிய தண்ணீரைக் கெட்டிலில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நடந்தேன். ஒரு மடக்குக் கொடுத்தால் இரண்டு மடக்கு வெளியே வந்தது. பிறகு கெட்டிலும் காலி. விறகெல்லாம் ஈரம், தீ மூட்ட வழியில்லை. நானா பேசுவதை நிறுத்திவிட்டார். அவர் பேசாமல் இருந்ததுதான் எனக்கு மிகுந்த பயத்தைக் கொடுத்தது.

இவ்வளவுக்குப் பிறகு துரை என்ன செய்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். உச்சிக்குப் பாதியில் மழை பிடித்துத் திரும்பிவிட்டார். சீமைக்குக் கப்பலேறும் முன் அவர் எழுதிவைத்த அறிக்கையை நான்தான் தட்டச்சு செய்தேன். அந்த இடத்தின் ஊற்று நீர் தாராளமானது, மிகத் தூய்மையானது, பங்களாக்களுக்கு மிகவும் ஏற்றது என்று அதில் இருந்தது. ஒரு பிழையும் இல்லாமல் அடித்துக் கொடுத்தேன். வேலை அது.

அடிவாரத்தில் ஓடை ஆறாக அகன்று ஒரு கம்பத்தின், அதாவது மலாய்க் கிராமத்தின், ஓரமாக ஓடியது. தூளியை நிழலில் இறக்கினார்கள். இறக்கியதுதான் தாமதம், கூலிகள் தண்ணீர் குடிக்க ஆற்றுக்கு ஓடினார்கள். அங்கேயும், திட்டிக்கொண்டே வந்தவன் குடித்த இடத்துக்கு மேலே போய் இன்னொருவன் குனிந்தான். அவனுக்கு மேலே இன்னொருவன். எனக்குப் பார்க்கவே பிடிக்கவில்லை. தொப்பியில் கொஞ்சம் தண்ணீர் மொண்டு, அதைக் காய்ச்ச நெருப்புக் கேட்க வீடு ஏதாவது உண்டா என்று பார்த்தேன். நானா கண் திறந்தார். உதடு அசைந்தது. குனிந்து காது கொடுத்தேன்.

"மேல யாரு இருக்கா?"

நிமிர்ந்து பார்த்தேன். ஆறு வரும் திசையில் காடு, காட்டுக்கு மேல் மேகம். மேகத்துக்குள் எங்கோ அந்தப் பாறை, அதன்மேல் அந்தக் கூடாரம்.

"துரைதான் நானா."

வாயை இறுக மூடிக்கொண்டார். வற்றிப்போன உடம்பில் அந்த ஒரு காரியத்துக்கு மட்டும் பலம் மிச்சமிருந்தது. தொப்பியைப் பார்க்கவே மறுத்துவிட்டார். மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள், ஆற்றில் குனிந்திருந்தவர்கள் ஒவ்வொருவராக வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்கள். மச்சான் மட்டும் குடிக்கவே போகவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். அவன் கம்பத்துக்குள் ஓடி, தனக்குத் தெரிந்த நாலு மலாய் வார்த்தையில் யாரிடமோ கெஞ்சி, ஒரு குலை இளநீரோடு வந்தான். ஒன்றைச் சீவி என் கையில் கொடுத்தான். நான் நானாவின் தலையைத் தூக்கிப் பிடித்தேன்.

"இது?" என்றார்.

"இளநீர்."

கண்ணை உருட்டி, தென்னை மரத்தின் உச்சியைத் தேடினார். "இதுக்கு மேல யாரு?"

"குரங்குக இருக்கும் நானா" என்றான் மச்சான், தலை குனிந்தபடி.

நானா யோசித்தார். அந்த நிலையிலும் யோசித்தார்.

"கொரங்கு பரவால்ல" என்று வாயைத் திறந்தார்.

குடித்தார். ஒரு மடக்கு, பிறகு இன்னொன்று, பிறகு காய் முழுவதும். குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். நாங்கள் அத்தனை பேரும், தொடமாட்டேன் என்றவர்கள் உட்பட, அவரைச் சுற்றி நின்று அவர் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஈக்கள் மொய்த்தன, யாரும் விரட்டவில்லை. நிழல் நகர்ந்து வெயில் அவர் காலில் விழும்வரை நின்றோம்.

இளநீர் உள்ளேயே தங்கியது. மச்சான் இரண்டாவது காயை எடுத்துச் சீவத் தொடங்கினான்.